ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கு, உங்களில் ஒருவன் எழுதுவது

அன்புள்ள ஹாரி பாட்டர் ரசிகர்களே,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் உங்கள் ஆள்தான். ஏழு புத்தகங்களும் வீட்டில் இருக்கின்றன. நான்காவதன் முதுகு பிய்ந்துபோய் செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறேன். 2007 ஜூலை 21, ஏழாவது புத்தகம் வெளியான நாள், இங்கிலாந்தில் நள்ளிரவு தாண்டிய நேரம், நமக்கு அதிகாலை நாலரை, அன்று பொழுது விடிவதற்குள் சென்னையில் ஒரு புத்தகக் கடை வாசலில் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தன். யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் போனை அணைத்துவிட்டுப் படித்து முடித்தேன். அப்புறம் இனிமேல் காத்திருக்க ஒன்றுமில்லையே என்று ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதனால் இது ஏதோ எதிரி எழுதிய கடிதம் என்று பாதியில் மூடிவிடாதீர்கள்.

விஷயம் இதுதான். என் அக்கா மகளுக்குப் பதினோரு வயது, நான்காவது புத்தகத்தில் இருக்கிறாள் (செலோடேப் ஒட்டிய அதே பிரதி). போன மாதம் ஒருநாள் புத்தகத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா, ஹெர்மயோனி சொல்றது சரிதானே? அப்புறம் ஏன் எல்லாரும் அவளைப் பாத்துச் சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள். மந்திரவாதிகளின் வீடுகளில் கூலியில்லாமல் வேலை செய்யும் குட்டி உயிர்களான ஹவுஸ் எல்ஃபுகளுக்குச் சம்பளம் வேண்டும், லீவு வேண்டும் என்று ஹாரியின் தோழி ஹெர்மயோனி ஒரு சங்கம் ஆரம்பித்து, ஆளுக்கு இரண்டு சிக்கிள் (அவர்கள் ஊர்க் காசு) வாங்கிக்கொண்டு பேட்ஜ் கொடுப்பாளே, அந்த இடம். நான் யோசிக்கவே இல்லை. "அப்படி இல்லடா, அதுங்களுக்கு வேலை செய்யறதுதான் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு வாய்க்குள் ஏதோ கசந்தது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று புரிந்தது. இருபத்தைந்து வருடமாக இந்தப் புத்தகங்களைக் குறை சொன்ன எல்லாரையும் நாம் ஒரே மூட்டையில் கட்டித் தூக்கி ஓரமாய்ப் போட்டுவிட்டோம். படிக்காமலே எரித்தவர்களும், படித்துவிட்டுக் கேள்வி கேட்டவர்களும் நமக்கு ஒன்றாகவே தெரிந்தார்கள். எரித்தவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். அதை மட்டும் சொல்லிவிட்டு எல்லாருக்கும் பதில் சொன்னதாக நினைத்துக்கொண்டோம்.

எரித்தவர்கள் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் கொஞ்சம். 2001 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், அலமொகோர்டோ என்ற ஊரில், ஒரு தேவாலயத்துக்கு வெளியே தீ மூட்டி இந்தப் புத்தகங்களைப் போட்டார்கள். பிள்ளைகளுக்குச் சூனியம் சொல்லிக்கொடுக்கிறதாம். முன்னின்று நடத்திய போதகர், அதுவரை வந்திருந்த நான்கில் ஒன்றைக்கூடத் தான் படித்ததில்லை என்று அவர் வாயாலேயே ஒத்துக்கொண்டார். 2019இல் போலந்தில் ஒரு தேவாலயத்தில் பாதிரியார்கள் எரித்த குவியலில் ஹாரி பாட்டரோடு ஒரு ஹலோ கிட்டி குடையும் இருந்தது. அந்தக் குடை என்ன பாவம் செய்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அதே வருடம் நாஷ்வில்லில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் பாதிரியார், இதிலுள்ள மந்திரங்கள் நிஜமானவை, படித்தால் தீய ஆவிகள் வரக்கூடும், பேயோட்டும் பாதிரிமார்களிடமே கேட்டுவிட்டேன் என்று எழுதி நூலகத்திலிருந்து எடுத்துவிட்டார். தீயதை விரட்டும் மந்திரமான எக்ஸ்பெக்டோ பேட்ரோனம் என்று நானும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன், அறையை விட்டு ஒரு கொசுகூடப் போனதில்லை.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆர்கன்சா மாநிலத்தின் சீடர்வில் வழக்கு. 2002இல் அங்கே பதினைந்து பேர் கொண்ட நூலகக் குழு ஒருமனதாகப் புத்தகம் இருக்கட்டும் என்றது. பள்ளி வாரியம் மூன்றுக்கு இரண்டு என்று வாக்களித்து அதை மீறி, அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது. வேண்டுமானால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வா, தருகிறோம் என்றது. வழக்குப் போட்டது ஒரு மாணவியின் குடும்பம், அவள் படிப்பதில் வீட்டில் யாருக்கும் ஆட்சேபணையே கிடையாது. ஆனாலும் மற்ற பிள்ளைகள் பார்க்க, தப்பான பொருளைக் கேட்பதுபோல் ஒரு சீட்டை நீட்டித்தான் புத்தகம் வாங்க வேண்டும் என்பதே ஒரு சுமை என்று 2003இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, புத்தகங்களைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்குப்படி 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் அங்கே அதிக எதிர்ப்பைச் சந்தித்தது இந்த வரிசைதான்.

இதில் நாம் ஜெயித்தோம், நியாயமாகவே ஜெயித்தோம். மதத்துக்குள்ளும் ஒரே குரல் இருக்கவில்லை. பின்னாளில் போப் ஆன கார்டினல் ராட்சிங்கர் 2003இல் ஒரு கடிதத்தில் இது பிள்ளைகளைத் தெரியாமலே மயக்கும் என்ற கருத்தை ஆதரித்து எழுதினார். 2009இல் வத்திக்கானின் செய்தித்தாளே ஆறாவது படத்தைப் பாராட்டியது. ஆனால் இந்த வெற்றி நம்மைக் கெடுத்துவிட்டது என்று நினைக்கிறேன். புத்தகத்தை எரிக்கிறவன் எதிரே நிற்கும்போது நாம் எல்லாருமே கதையில் அநியாயத்தை எதிர்க்கும் மாணவர் குழுவான டம்பிள்டோரின் படை ஆகிவிடுகிறோம். அந்த போதை சும்மா விடாது. அடுத்து யார் வாயைத் திறந்தாலும் கதையின் கொடுங்கோல் அதிகாரி அம்பிரிட்ஜ்தான், வில்லனின் அடியாளான மரண உண்பவன்தான், அதுவும் இல்லையென்றால் மந்திரம் அறியாத வெறும் மக்கிள்.

சரி, படித்துவிட்டுக் குறை சொன்னவர்களிடம் வருகிறேன். அமெரிக்க இலக்கியப் பேராசிரியர் ஹெரால்ட் ப்ளூம் 2000இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில், மூன்றரைக் கோடிப் பேர் வாங்கியது தப்பாக இருக்க முடியுமா, முடியும் என்கிற தலைப்பில் எழுதினார். அவருக்கு நடை பிடிக்கவில்லை. எல்லாமே தேய்ந்த சொற்றொடர்கள், யாராவது நடக்கக் கிளம்பினால் 'காலை நீட்டிவிட்டு வருகிறேன்' என்ற அதே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது என்று எண்ணிக்கொண்டே படித்தாராம். நான் முதல் புத்தகத்தில் தேடினேன், ஹாரியின் பெரியப்பா திரு டர்ஸ்லி பன் வாங்கத் தெருவைத் தாண்டும் இடத்தில் கிடைத்தது, அவர் சொன்ன அளவுக்குக் கிடைக்கவில்லை. அது போகட்டும், நடை சாதாரணம்தான். வினையடைகள் கொட்டிக் கிடக்கும், ஒருத்தரும் சும்மா பேச மாட்டார்கள், கோபமாகப் பேசுவார்கள், சோகமாகப் பேசுவார்கள், சந்தேகமாகப் பேசுவார்கள். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆனால் ப்ளூமுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்று இருக்கிறது. நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். பதினொன்றாவதில் ஆங்கில வழிக்கு மாறி, வேதியியல் புத்தகத்தில் ஒரு பத்தியைத் தாண்ட மூன்று தடவை அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்த வருடத்தில்தான் முதல் புத்தகம் கையில் கிடைத்தது. நான் கடைசிவரை படித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அதுதான். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பேராசிரியருக்குத் தேய்ந்துபோன தொடர் எனக்குப் புத்தம் புதிது. அதைத்தான் குறித்துவைத்து அடுத்த நாள் வகுப்பில் சொல்லிப் பார்ப்பேன். கோபமாகச் சொன்னான் என்று எழுதியிருந்ததால்தான் அவன் கோபமாக இருக்கிறான் என்றே எனக்குத் தெரிந்தது! ஒரே நடை ஒருவருக்குச் சோம்பேறித்தனமாகவும் இன்னொருவருக்குக் கைப்பிடிச் சுவராகவும் இருக்க முடியும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. இதில் நான் ப்ளூமை வெறுக்கவும் இல்லை, அவர் சொல்வதைக் கேட்டுப் புத்தகத்தை வைக்கப்போவதும் இல்லை.

அந்தக் காலத்தில் பெரியவர்களின் உலகம் இந்தப் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடியது தனி வேடிக்கை. 1999க்கான விட்பிரெட் பரிசில் மூன்றாவது புத்தகம் கவிஞர் ஷேமஸ் ஹீனி செய்த பேவுல்ஃப் என்ற பழங்காவிய மொழிபெயர்ப்பிடம் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. 2000 ஜூலையில் நான்காவது வரப்போகிறது என்றதும் நியூயார்க் டைம்ஸ், விற்பனைப் பட்டியலில் முதல் மூன்றும் இடத்தை அடைத்துக்கொண்டு நகர மாட்டேன் என்கிறதே என்று குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் போட்டு அங்கே தள்ளிவிட்டது. நாவலாசிரியர் ஏ. எஸ். பையட் 2003இல் அதே நாளிதழில், இது பிற குழந்தை இலக்கியங்களிலிருந்து எடுத்த துண்டுகளைச் சாமர்த்தியமாக ஒட்டுப்போட்ட உலகம், உண்மையான மர்மமோ வியப்போ இல்லை என்று எழுதினார். ஒட்டுப்போட்டது என்பதில் எனக்கு மறுப்பில்லை. எனிட் பிளைட்டனின் மாலரி டவர்ஸ் படித்துவிட்டு வந்தவர்களுக்கு ரயிலேறிப் போகும் விடுதிப் பள்ளி, விளையாட்டுப் போட்டி, நள்ளிரவில் விதி மீறல் எதுவும் புதிதாக இருந்திருக்காது. அதில் டிராகனைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதுதான் புதிது.

என்னை அசைத்தது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின். 1968லேயே மந்திரவாதிகளுக்கான பள்ளியையும், முகத்தில் தழும்போடு இருக்கும் பையனையும் வைத்து நாவல் எழுதியவர். என் கதையைத் திருடிவிட்டார் என்று அவர் சொல்லவில்லை. முன்னோடிகளைக் குறித்துக் கொஞ்சம் பெருந்தன்மையாக இருந்திருக்கலாம் என்றார், இது முற்றிலும் புதுமை என்று கொண்டாடிய விமர்சகர்களைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார். ஆனால் 2004இல் அவர் சொன்ன இன்னொன்று இருக்கிறது: உயிரோட்டமான குழந்தைக் கதை, அந்த வயதுக்கு நல்ல தீனி, ஆனால் நடை சாதாரணம், கற்பனை இரவல், அறத்தில் கொஞ்சம் கெட்ட மனசு. முதன்முதலில் படித்தபோது பொறாமை என்று ஒதுக்கிவிட்டேன். நீங்களும் அப்படித்தானே செய்தீர்கள்?

கெட்ட மனசு என்றால் என்ன என்று அக்கா மகளோடு சேர்ந்து திரும்பப் படிக்கும்போது தெரிகிறது. டர்ஸ்லியின் மகன் டட்லி பதினோரு வயதுப் பையன், கெட்டுப்போக வளர்க்கப்பட்டவன். அவன் அப்பா பேசிய பேச்சுக்கு அவன் பின்னால், பள்ளியின் காட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹேக்ரிட் பன்றி வால் முளைக்க வைக்கிறார், நாம் சிரிக்கிறோம். நான்காவது புத்தகத்தில் ஹாரியின் நண்பன் ரானின் இரட்டை அண்ணன்கள் வேண்டுமென்றே போட்டுவிட்டுப் போகும் மிட்டாயைத் தின்று அவன் நாக்கு நாலடி நீளுகிறது, மறுபடி சிரிக்கிறோம். குண்டாக இருப்பதே அவன் குற்றம் என்பதுபோல் பக்கத்துக்குப் பக்கம் வர்ணனை. ஐந்தாவதில் மரியெட்டா என்கிற பெண், அம்மா மந்திர அமைச்சகத்தில் வேலை செய்கிறாள், அந்தப் பயத்தில் ரகசியக் குழுவைக் காட்டிக்கொடுக்கிறாள். அவள் முகம் முழுக்கக் காட்டிக்கொடுத்தவள் என்று பருக்களால் எழுத்து வருகிறது, அடுத்த வருடமும் போகவில்லை, மேக்கப் பூசி மறைக்கிறாள். மந்திரம் வைத்தது நம் ஹெர்மயோனி. பதினாறிலோ இருபதிலோ இது எதுவும் உறுத்தவில்லை. நாற்பது வயதில், பக்கத்தில் பதினோரு வயசுப் பெண் உட்கார்ந்திருக்கும்போது உறுத்துகிறது.

மக்கிள் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிகளின் விளையாட்டான குவிடிச்சின் உலகக் கோப்பை நடக்கும் இடத்தில் முகாம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் நினைவை அழிக்கிறார்கள், ஒரு நாளைக்குப் பத்து தடவை, அதுவும் நகைச்சுவைக் காட்சி. பிறப்பால் உயர்வு தாழ்வு பார்ப்பதை எதிர்க்கும் கதை இது, ஹெர்மயோனியை 'அழுக்கு ரத்தம்' என்று திட்டும் இடத்தில் நம்மூர்ப் பிள்ளைக்கு யாரும் அடிக்குறிப்பு போட வேண்டியதில்லை. அதே கதைதான் பதினோரு வயதில் தலையில் ஒரு தொப்பியை வைத்து நீ இன்ன ஆள் என்று பிரிக்கிறது. ரானின் வீஸ்லி குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரு இல்லம், அவர்களை வெறுக்கும் மால்ஃபாய்கள் ஸ்லிதெரின் என்ற இன்னொரு இல்லம், வம்சம் வம்சமாக. ஏழாவதில் போருக்கு முன் யார் தங்குகிறார்கள் என்று பார்த்தால் ஸ்லிதெரின் மேசையில் ஒருத்தர்கூட இல்லை. ஒரு பிள்ளைகூடவா? நாம் சில சமயம் ரொம்பச் சீக்கிரம் பிரித்துவிடுகிறோமோ என்று தலைமையாசிரியர் டம்பிள்டோரே ஸ்லிதெரின்காரரான ஸ்நேப்பிடம் சொல்கிறார். ஆக ஆசிரியர் ரௌலிங்குக்கும் தெரிந்திருக்கிறது, தொட்டுவிட்டு விட்டுவிட்டார்.

பாட்டீல் சகோதரிகள் என்ற பெயரைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது, ஹாரியின் ஹாக்வார்ட்ஸ் பள்ளியில் ஒரு பார்வதியும் ஒரு பத்மாவும்! நடன விழாவில் இரண்டு பேரும் அலங்கரித்துக்கொண்டு வந்து, நம் நாயகர்கள் கண்டுகொள்ளாததால் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் நம் பங்கு. சோ சாங் என்ற மாணவியின் பெயரைப் பற்றி ஆசிய வாசகர்களும், திரைப்படத்தில் வங்கி நடத்தும் கோப்ளின் குள்ளர்களைக் காட்டிய விதம் யூதர்களைப் பற்றிய பழைய கேலிச்சித்திரம்போல் இருக்கிறது என்று வேறு சிலரும் சொன்னபோது, எல்லாவற்றிலும் குறை காண்கிறார்கள் என்று நாம் சலித்துக்கொண்டது ஞாபகம் இருக்கலாம்.

இப்போது எல்ஃப் விஷயம். ஹெர்மயோனியின் சங்கத்துக்கு வைத்த பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஆங்கிலத்தில் வாந்தி என்று வரும், அதாவது ஆசிரியரே சிரிக்கச் சொல்கிறார். ரான் கேலி செய்கிறான். நல்லவரான ஹேக்ரிட், அதுகளை விடுவிப்பது அதுகளுக்குச் செய்யும் கெடுதல், அதுகளின் இயல்பே அதுதான் என்கிறார். விடுதலை பெற்ற விங்கி என்ற எல்ஃப் குடித்துக் குடித்து அழுகிறது. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தச் சங்கமே தெரியாது, மொத்தமாக வெட்டிவிட்டார்கள்.

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டில் ஒரு பண்ணையாள் இருந்தார். அவர் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தவர். கொல்லைப் பக்கம்தான் சாப்பாடு. சின்னப் பையனாக நான், இவருக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டபோது பாட்டி சிரித்துக்கொண்டே, "அவன் நம்ம வீட்டு ஆளுடா, காசு கொடுத்தா கோவிச்சுக்குவான், அவனுக்கு இங்க வேலை செய்யறதுதான் பிடிக்கும்" என்றாள். பாட்டி கெட்டவள் இல்லை, எனக்கு ஹேக்ரிட் எவ்வளவு பிடிக்குமோ அதைவிடப் பிடிக்கும். நான் அக்கா மகளிடம் சொன்ன வாக்கியம் அதுதான். முப்பது வருடம் கழித்து, எல்ஃப் என்ற பெயரில், அதே வாக்கியத்தை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதற்குப் பதில் இருக்கிறது என்று நீங்கள் சொல்வீர்கள், எனக்கும் தெரியும். டாபி என்ற எல்ஃப் இருக்கிறது, சம்பளம் கேட்டு வாங்கியது, அதன் கல்லறையில் 'சுதந்திர எல்ஃப்' என்று ஹாரி எழுதுகிறான். கிரீச்சர் என்ற எல்ஃபை அன்பாக நடத்தியதும் அது மாறுகிறது, கடைசிப் போரில் எல்ஃபுகளைக் கூட்டிக்கொண்டு வந்து சண்டை போடுகிறது. சரி. ஆனால் போர் முடிந்து, பின்கதைக்கு முந்தைய கடைசி வரிகளில், ஹாரி படுக்கையை நினைக்கிறான், கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டு வருமா என்று யோசிக்கிறான். அந்த எல்ஃப் அவனுக்குச் சொத்தாக வந்தது, விடுவித்ததாக எங்கும் இல்லை. உலகைக் காப்பாற்றிய பையன் பசியோடு நினைப்பது அதைத்தான். நான் அந்த வரியை 2007இல் படித்து நெகிழ்ந்திருக்கிறேன்.

ஆசிரியரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பயந்துவிட்டான் என்பீர்கள். 2007இல் டம்பிள்டோர் தன்பால் ஈர்ப்பு உள்ளவர் என்று ரௌலிங் சொன்னபோது ஒரு தரப்பு கொதித்தது. 2020 ஜூனில் பாலினம் பற்றி அவர் எழுதியதும் இன்னொரு தரப்பு உடைந்தது, ஹாரியாக நடித்த ராட்கிளிஃப் முதலான நடிகர்களே ஒத்துக்கொள்ளவில்லை. குவிடிச்சை நிஜத்தில் ஆடியவர்கள் 2022இல் விளையாட்டின் பெயரையே குவாட்பால் என்று மாற்றிக்கொண்டார்கள், வார்னர் பிரதர்ஸின் வர்த்தக உரிமையும் ஒரு காரணம், ஆசிரியரிடமிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். அப்போது சிலர் புத்தகத்தை எரித்து வீடியோ போட்டார்கள். ஒரு காலத்தில் இந்தப் புத்தகத்தைக் கண்டாலே ஆகாத பழமைவாதிகளில் சிலர் ரௌலிங்கின் துணிச்சலைப் புகழ்ந்தார்கள். இந்தக் கூத்தில் நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. இந்தப் புத்தகம் மட்டும்தான் துணை என்று வளர்ந்த ஒருத்தர், என்னால் இனி இதைத் திறக்க முடியவில்லை என்று சொல்லும்போது மட்டும் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள், வெறும் கதைதானே என்றும் சொல்லாதீர்கள். வெறும் கதை என்றால் நாம் ஏன் விடியற்காலையில் வரிசையில் நின்றோம்?

எச்பிஓ மறுபடி தொடராக எடுக்கிறது, நான் பார்ப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஹாரியோடு படிக்கும் நெவில் தன் நண்பர்களையே தடுத்து நின்றதற்குக் கிடைக்கும் அந்தப் பத்து மதிப்பெண்ணுக்கு எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும், ஹாரி கையில் கோல் எடுக்காமல் காட்டுக்குள் நடந்துபோகும் அத்தியாயத்தை இப்போதும் ஒரே மூச்சில்தான் படிப்பேன். அதையெல்லாம் யாரும் என்னிடமிருந்து பிடுங்க வரவில்லை. லெ குவினும் வரவில்லை.

அக்கா மகளிடம், நான் சொன்னது தப்பு, ஹெர்மயோனி சொல்வதுதான் சரி என்று அடுத்த வாரமே சொல்லிவிட்டேன். "அப்ப ஏன் புக்ல அப்படி எழுதியிருக்காங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். இப்போது ஐந்தாவதில் பாதி தாண்டிவிட்டாள், போகிற வேகத்தைப் பார்த்தால் முழுப்பரீட்சை லீவுக்குள் ஏழாவதை முடித்துவிடுவாள். சாண்ட்விச் வரி வரும், கேட்பாள். உங்களில் யாரிடமாவது நல்ல பதில் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வரிசையில் நின்ற ஒருத்தன்